வால் வண்டி

அந்த வண்டியில் என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் இருந்தோம். பதினொரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பார்த்தார். பார்த்ததைச் சொல்ல மாட்டேன் என்கிறார். மிச்சம் நான்தான். ஆகவே நான் சொல்கிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஏன் நடந்தது என்று கேட்காதீர்கள். அது தெரிந்திருந்தால் நான் இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நான் கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். சட்டை தைக்கிற கம்பெனி. இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்களை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். பன்னிரண்டு பேர். வண்டிக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எதைத் தைக்கிறாளோ அதுவே பெயர். காலர் வைக்கிறவள் காலர். பட்டன் தைக்கிறவள் பட்டன். காஜா எடுக்கிறவள் காஜா. முன்னால் என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் செக்கிங் அக்கா. தைத்து வந்த சட்டையைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. விட்டுப்போன ஒரு தையல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. வண்டியையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

“தம்பி, பின்னாடி இடது பக்க இண்டிகேட்டர் மூடி உடைஞ்சு எத்தனை நாளாச்சு?”

“ஒரு வாரம் இருக்கும்க்கா.”

“மஞ்சளா எரிய வேண்டியது வெள்ளையா எரியுது. ஒத்தைக் கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கு.”

“மெக்கானிக் நாளைக்குங்கிறான்.”

“அவன் நாளைக்கு என்னைக்கு வருது?”

கம்பெனியில் ஒரு விதி உண்டு. கடைசி ஆள் இறங்கிய பிறகு டிரைவர் எழுந்து நின்று, பின்னால் திரும்பி, “எல்லாரும் இறங்கியாச்சா?” என்று சத்தமாகக் கேட்க வேண்டும். முன்பு இருந்த டிரைவர் ஒருவர் பின் சீட்டில் தூங்கிய பெண்ணைக் கவனிக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாராம். அதிலிருந்து இந்தக் கேள்வி. காலி சீட்டுகளைப் பார்த்துத் தினமும் கேட்பேன். கேட்டால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

அந்த வாரம் இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சல். பகல் ஷிப்டும் என் தலையில், இரவு ஷிப்டும் என் தலையில். நடுவே தூங்கக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் சுவரை இடித்தார்கள். மூன்றாம் நாள் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல் இருந்தது. சாப்பாடு வேண்டாம். குளியல் வேண்டாம். யாரும் என்னோடு பேச வேண்டாம். படுக்க வேண்டும். வீட்டில், கட்டிலில், சுவர்ப் பக்கம், என் இடத்தில். வேறு எதையும் நான் அன்று கேட்கவில்லை.

கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு பெரிய நீர்த்தேக்கம். அதன் கரை மேல்தான் சாலை. குளிர்காலத்தில் விடியும் முன்பு அங்கே மூடுபனி இறங்கும். இறங்கினால் நம் வண்டியின் மூக்கே நமக்குத் தெரியாது. அதில் ஓட்டத் தனி முறை இருக்கிறது. ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட வேண்டும். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். கண்ணாடியை இறக்க வேண்டும். பாட்டை நிறுத்த வேண்டும். கண் போன இடத்தில் காதுதான் துணை. சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு போக வேண்டும். முன்னால் போகிற வண்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டு போகக் கூடாது. அவன் பள்ளத்தில் இறங்கினால் நீயும் இறங்குவாய்.

கரைச் சாலையில் நாங்கள் தனியாகப் போக மாட்டோம். சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே காத்திருந்து, நாலைந்து வண்டி சேர்ந்ததும் வரிசையாகக் கிளம்புவோம். முதல் வண்டியைக் கண் என்போம். கடைசி வண்டி வால். வால் மட்டும் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு வரும். கண்ணாகப் போகிறவனுக்குத்தான் கஷ்டம். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஓட்டுவது போல இருக்கும். அதனால் முறை மாற்றுவோம். கண் களைத்ததும் இடது பக்கம் ஒதுங்கி நிற்கும். மற்ற வண்டிகள் கடந்து போகும். வாலும் கடந்ததும் அதன் பின்னால் சேர்ந்து, ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்து, தன் இண்டிகேட்டரைப் போடும். அதைப் பார்த்துப் பழைய வால் தன்னுடையதை அணைக்கும். இவ்வளவுதான். யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறியதுமில்லை.

கரையின் நடுவில் பழைய சாலை ஒன்று இடது பக்கம் பிரியும். நீர்த்தேக்கம் வருவதற்கு முன்பு போட்டது. சரிந்து இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போகும். முகப்பில் சுண்ணாம்பு அடித்த இரண்டு கற்கள். வேறு தடுப்பு கிடையாது. பகலில் அதன் பக்கம் யாரும் போக மாட்டார்கள். போக வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று பங்கில் நாலு வண்டி சேர்ந்தோம். மீன் லாரி, பிரட் வண்டி, காய்கறி டெம்போ, நான்.

“என்ன மாப்ளே, கண்ணு ரெண்டும் தக்காளியா இருக்கு?” என்றார் காய்கறி டெம்போக்காரர்.

“எடுத்து உங்க கூடையில போட்டுக்கங்கண்ணே.”

“அழுகுன சரக்கு நான் ஏத்துறதில்ல.”

மீன்காரர் வயதில் மூத்தவர். சிரிக்கவில்லை.

“தூக்கம் வருதுன்னா சொல்லு. உன் முறையையும் நானே ஓட்டுறேன்.”

“வேண்டாம்ணே. என் முறையை நான் ஓட்டுறேன்.”

“பின்னாடி பன்னெண்டு உசுரு இருக்கு.”

“தெரியும்ணே.”

கிளம்பினோம். மீன் கண்ணாகப் போய் ஒதுங்கியது. பிறகு பிரட். பிறகு காய்கறி. பிறகு என் முறை வந்தது.

முன்னால் விளக்கு இல்லை. சாலை இல்லை. வெள்ளை. இடது ஓரத்துக் கோடு மட்டும் பானட்டுக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பின்னால் பதினொரு பேரும் தலை ஆடத் தூங்கினார்கள். செக்கிங் அக்கா மட்டும் பேசிக்கொண்டே வந்தார். நான் தூங்கிவிடக் கூடாது என்று ஏதேதோ கேட்டார். உன் பெண்டாட்டி என்ன சமைத்தாள், உன் பையன் என்ன படிக்கிறான், உன் மெக்கானிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா. நானும் பதில் சொன்னேன். சொன்னது சரியா தப்பா, தெரியாது.

“தம்பி.”

“உம்.”

“மெக்கானிக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டா, ரெண்டு லிட்டர்ங்கிற.”

அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்று தெரிந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டேன். ஒதுங்கி நின்றேன். டேஷ்போர்டில் மணி ஐந்து பத்து.

மீன் லாரி கடந்தது. ஐஸ் தண்ணீரின் கவிச்சி வாசனை. பிரட் வண்டி கடந்தது. சூடான ரொட்டி வாசனை. மூடுபனியில் வண்டிகளை நாங்கள் மூக்கால்கூட அடையாளம் வைத்துக்கொள்வோம். அடுத்து காய்கறி. கொத்தமல்லி வாசனை வர வேண்டும். நான் நெற்றியை ஸ்டீயரிங்கில் சாய்த்தேன். ஒரு நொடி என்றுதான் நினைத்தேன். கொத்தமல்லி வாசனை வந்ததா என்று எனக்கு இன்றும் நினைவில்லை.

தலையைத் தூக்கினேன். எதிரே இரண்டு விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. வால்.

பின்னால் சேர்ந்தேன். ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தேன். என் இண்டிகேட்டரைப் போட்டேன்.

முன்னால் இருந்தது அணையவில்லை.

“அக்கா.”

“உம்.”

“காய்கறி அண்ணன் இன்னும் அணைக்கல.”

“அவரும் தூங்குறாரோ என்னமோ.”

மறுபடியும் இரண்டு தடவை அடித்தேன். அணையவில்லை. சரி, மறந்திருப்பார். போகட்டும். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. யாரோ முன்னால் போகிறார்கள். நான் பின்னால் போகிறேன். அது போதுமாக இருந்தது. சொல்லப்போனால் சுகமாக இருந்தது. அந்த விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. தொட்டிலை ஆட்டுவது போல.

கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அக்கா முன்னால் சாய்ந்தார்.

“தம்பி, காய்கறி டெம்போவுக்கும் இடது பக்க மூடி உடைஞ்சிருக்கா?”

“இல்லையே.”

“முன்னாடி போறது பாரு. வலது மஞ்சள். இடது வெள்ளை.”

பார்த்தேன். ஆமாம்.

“உன் மெக்கானிக் அங்கயும் நாளைக்குன்னு சொல்லிட்டான் போல” என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. காதை வெளியே வைத்துக் கேட்டேன். என் இஞ்சின் சத்தம் கேட்டது. என் டயர் சத்தம் கேட்டது. முன்னால் போகிற வண்டியின் சத்தம்...

இல்லை.

வாசனை வந்தது. கொத்தமல்லி அல்ல. புதுத்துணி வாசனை. எங்கள் வண்டிக்குள் எப்போதும் இருக்கிற அதே வாசனை. ஆனால் இது வெளியே இருந்து வந்தது. நனைந்த புதுத்துணி.

இடது ஓரத்துக் கோட்டைத் தேடினேன். கோடு இல்லை.

டயருக்கு அடியில் சத்தம் மாறியிருந்தது. தார் இல்லை. சரளைக்கல். நற... நற... நற...

“ரோடு மாறிடுச்சு” என்றார் அக்கா.

“ஆமாக்கா.”

வேகத்தைக் குறைத்தேன். முன்னால் இருந்ததும் குறைத்தது. தூரம் கூடவில்லை. குறையவுமில்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். இரண்டு வண்டிகளின் இண்டிகேட்டர் எப்போதும் ஒன்றாக எரியாது. சிறிது நேரம் சேர்ந்து எரியும். பிறகு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எந்த சிக்னலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். என் இண்டிகேட்டர் டேஷ்போர்டில் டிக்... டக்... என்று அடித்தது. ஒவ்வொரு டிக்குக்கும் முன்னால் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு டக்குக்கும் அணைந்தது. நெடுநேரம் பார்த்தேன். முந்தவில்லை. பிந்தவில்லை.

என் இண்டிகேட்டரை அணைத்தேன்.

முன்னால் இருட்டு.

போட்டேன்.

முன்னால் எரிந்தது. வலது மஞ்சள். இடது வெள்ளை.

“உன் வெளிச்சம்தான் பனியில பட்டுத் திரும்பி வருது” என்றார் அக்கா. குரல் வழக்கமான குரல் இல்லை.

இருக்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது.

முன்னால் சிவப்பு எரிந்தது.

மூடுபனி நம் முன்விளக்கைத் திருப்பித் தரும். பிரேக் விளக்கைத் தராது. என் பிரேக் விளக்கு எனக்குப் பின்னால் எரிகிறது. எனக்கு முன்னால் அது எரிய வழியே இல்லை.

காலை எடுத்தேன். சிவப்பு அணைந்தது.

அழுத்தினேன். எரிந்தது.

அக்கா கைக்குட்டையால் முன்கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். ஒரு சட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தார். மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பின்னாடி எத்தனை பேரு?”

“என்னக்கா?”

“எண்ணிப் பாரு.”

திரும்பி எண்ணினேன்.

“பதினொண்ணு.”

“பட்டன் இருக்காளா? நல்லாப் பாரு.”

“கடைசி சீட்டுல படுத்திருக்கா.”

“சரி. அந்த வண்டிக்குப் பின்னாடி போகாதே தம்பி.”

“என்ன பாத்தீங்க?”

“லைட்டை அணை.”

வரிசையைத் தவறவிட்டவன் செய்ய வேண்டியதும் அதுதான். ஒதுங்கி நின்று எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். எரிகிற விளக்கை நம்பி எவனாவது பின்னால் வந்து மோதுவான். ஹெட்லைட்டை அணைத்தேன். இண்டிகேட்டரை அணைத்தேன். கைப்பிரேக்கைப் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இஞ்சினையும் நிறுத்தினேன்.

எல்லாம் அணைந்தது. முன்னாலும்.

இருட்டு. பதினொரு பேரின் மூச்சு. வேறு ஒன்றும் இல்லை.

பிறகு...

முன்னால் ஓர் இஞ்சின் கிளம்பியது.

என் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும். முதல் தடவை திணறும். இரண்டாவது தடவை பிடிக்கும்.

திணறியது. பிடித்தது.

இண்டிகேட்டர் எரிந்தது. மஞ்சள். வெள்ளை. இப்போது என்னுடையது எரியவில்லை. அது எரிந்தது.

நற... நற... நற...

தள்ளிப் போனது.

சரளைச் சத்தம் நின்றது. வேறு சத்தம் வந்தது. வாய் அகன்ற பாத்திரத்தைத் தண்ணீரில் அழுத்தினால் வருமே... களக்... களக்...

விளக்கு அணையவில்லை. கீழே இறங்கியது. மங்கலாக, கலங்கலாக, ஆனால் எரிந்துகொண்டே. எரிந்தது... அணைந்தது... எரிந்தது...

அணைந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நகம் பதிந்த தடம் மூன்று நாள் இருந்தது.

நாங்கள் அசையவில்லை. பின்னால் யாரோ ஒருத்தி புரண்டாள்.

“வந்துருச்சாண்ணே?” பட்டனின் குரல்.

“இல்லம்மா. தூங்கு.”

தூங்கினாள்.

ஆறரைக்கு வெளிச்சம் வந்தது. மூடுபனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் பானட் தெரிந்தது. பிறகு சரளை. பிறகு தண்ணீர். முன் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம். அந்த இடத்தில் சேறு வழவழப்பாக இருந்தது. சக்கரத் தடம் எதுவும் இல்லை.

வண்டியை ரிவர்ஸிலேயே ஏற்றி வெளியே கொண்டுவந்தேன். சுண்ணாம்புக் கற்களைத் தாண்டி, வெள்ளைக் கோட்டைப் பிடித்து, கரையின் மறுமுனைக்கு வந்தேன். அங்கேயும் ஒரு பங்க். காய்கறி டெம்போ நின்றிருந்தது. காய்கறி அண்ணன் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்பேனரை இறக்கினார்.

“என்ன மாப்ளே, திரும்பி வர்றே? எதையாவது விட்டுட்டியா?”

“நான் இப்பத்தாண்ணே வர்றேன்.”

“ஆமா, நான் இப்பத்தான் பொறந்தேன். ஒதுங்கி நின்னே. நான் தாண்டுனேன். பின்னாடி சேந்து ரெண்டு அடி அடிச்சே. நான் என் இண்டிகேட்டரை அணைச்சேன். கரை முடியுற வரைக்கும் எனக்குப் பின்னாடிதானே வந்தே?”

நான் என் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

“இங்க வந்ததும் நான் டயரைப் பாக்க ஒதுங்கினேன். நீ நிக்காம போயிட்டே. ஒத்தைக் கண்ணு வெள்ளையா எரியுற வண்டி இந்த ரோட்டுல வேற எவன்கிட்ட இருக்கு?”

“உள்ள ஆளுங்களைப் பாத்தீங்களா?”

“உள்ளே லைட்டு போட்டிருந்தியே. எல்லாரும் முழிச்சிருந்தாங்க. நிமிந்து உக்காந்திருந்தாங்க. கை காட்டுனேன், ஒருத்தரும் திரும்பிக் காட்டல.” ஸ்பேனரை எடுத்தார். “ஏன் மாப்ளே, கம்பெனியில குளிப்பாட்டி அனுப்புறாங்களா? எல்லார் தலையிலயும் தண்ணி சொட்டுச்சு.”

அக்கா வண்டிக்குள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் காலர் வீடு. நான் எப்போதும் வாசலில் சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பேன். அன்றும் அடித்தேன். அவள் மாமியார் கதவைத் திறந்தார். முகத்தில் எரிச்சல்.

“மறுபடியுமா? அப்பவே வந்து ரெண்டு ஹாரன் அடிச்சியே. கதவைத் திறந்தேன். வண்டி நின்னுச்சு. ஒருத்தரும் இறங்கல. போயிட்டே. விடிஞ்சும் விடியாம என்ன விளையாட்டு இது?”

“அத்தை தூக்கத்துல உளறுறாங்கண்ணே” என்று காலர் கொட்டாவி விட்டபடி இறங்கினாள்.

காஜா வீட்டிலும் அதுவே. வண்டி வந்தது. நின்றது. யாரும் இறங்கவில்லை.

“இனிமே ஹாரன் அடிக்காதே” என்றார் அக்கா. “நான் இறங்கிக் கதவைத் தட்டுறேன்.”

பட்டன் வீட்டில் தட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா வாசலில் நின்றார். கையில் துண்டு.

“கடைசி ஜன்னல்ல இவ முகம் தெரிஞ்சுது. தொப்பலா நனைஞ்சிருந்தா. இறங்கும்மா, இறங்கும்மான்னு கத்துறேன், அப்படியே பாத்துட்டு இருக்கா. துண்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு.”

“நான் தூங்கிட்டு இருந்தேன்ப்பா.”

அவர் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டை அவள் தோளில் போட்டு, அணைத்தபடி உள்ளே கூட்டிப் போனார்.

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். முதலில் வந்த வண்டியிலிருந்து எந்த வீட்டிலும் யாரும் இறங்கவில்லை.

கடைசியாக அக்கா இறங்கினார். கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

“யாரு கேட்டாலும் பனியில வழி தப்பிடுச்சுன்னு மட்டும் சொல்லு.”

“நீங்க என்னக்கா பாத்தீங்க?”

“போய்ப் படு தம்பி.”

அதற்குப் பிறகு அவர் முன் சீட்டில் உட்காருவதில்லை. நடு சீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னல் பக்கம் பார்ப்பதும் இல்லை. பனி நாட்களில் பட்டனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

வண்டியை எப்போதும் என் தெருமுனையில் நிறுத்துவேன். நிறுத்தினேன். எழுந்து நின்று, பின்னால் திரும்பி, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அன்று மட்டும் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று இருந்தது. இறங்கிக் கதவைப் பூட்டினேன்.

தெருவில் நடந்தேன். கால் நடந்தது. நான் ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தேன். மனதில் கட்டில் மட்டும் இருந்தது. சுவர்ப் பக்கம். தலையணை. அது போதும். பார்த்ததெல்லாம் பிறகு. யோசிப்பதெல்லாம் பிறகு.

மனைவி சமையலறையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

“நீங்க எப்ப எழுந்து வெளியே போனீங்க?”

“இப்பத்தானே வர்றேன்.”

“அப்பவே வந்தீங்களே. சட்டையெல்லாம் ஈரம். மாத்துங்கன்னேன். கேக்கல. அப்படியே போய்ப் படுத்துட்டீங்க. சரி, மூணு நாள் அசதின்னு விட்டுட்டேன்.”

அறைக்குள் போனேன். கட்டிலில் அவள் பக்கம் காய்ந்திருந்தது. பையன் அவள் இடத்தில் உருண்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான். சுவர்ப் பக்கம், என் இடத்தில், விரிப்பு நனைந்திருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. தலையணையில் பள்ளம் இருந்தது. பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. சேற்று வாசனை.

பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவன் சட்டை காய்ந்திருந்ததா என்று தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

மனைவி அறை வாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது.

“படுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டீங்க” என்றாள் மெதுவாக. “வாசல்ல நின்னு, என் முகத்தைப் பாத்து, ரெண்டு தடவை கேட்டீங்க. எனக்குப் புரியல.”

“என்ன கேட்டேன்?”

“எல்லாரும் இறங்கியாச்சான்னு.”

பையனை அவளிடம் கொடுத்தேன். தெருமுனைக்குத் திரும்பிப் போனேன். வண்டியைத் திறந்தேன். கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சீட்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது. அக்காவின் சீட் வரைக்கும் பன்னிரண்டும் காய்ந்திருந்தன.

என் சீட் மட்டும் பாக்கி.

அதில் நான் கை வைக்கவில்லை.